இழுக்கும் சக்கரமும் தள்ளும் சக்கரமும்

“கார் ஓட்டுவதில் அப்படி என்ன இன்பம் இருக்கிறது? ஏறினோம், போய்ச் சேர்ந்தோம், இறங்கினோம் என்பதோடு முடிகிற காரியம்தானே?” என்று எங்களைக் கேட்பவர் பலர். பெண்கள் கார் ஓட்டுவதை இன்று யாரும் வியந்து பார்ப்பதில்லை. பிள்ளையைப் பள்ளியில் விடுவதற்காக ஓட்டலாம். வேலைக்குப் போவதற்காக ஓட்டலாம். மாமியாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்காக ஓட்டலாம். ஆனால், ஓட்டுவது பிடித்திருக்கிறது, அதற்காகவே ஓட்டுகிறேன் என்று ஒரு பெண் சொல்லிவிட்டால், கேட்பவர் முகத்தில் ஒரு சிறு புன்னகை தோன்றும். சமையல் செய்யப் பிடிக்கும் என்று சொல்கிறவளைப் பார்த்து யாரும் அவ்வாறு புன்னகை செய்வதில்லை!

ஆகவே, பழைய மாணவியர் பகுதிக்கு ஏதேனும் எழுதித் தரும்படி நம் பள்ளியிலிருந்து கடிதம் வந்தபோது, அக்கா தங்கையாகிய நாங்கள் இருவரும் கலந்து பேசி, இதைப் பற்றியே எழுதுவது என்று முடிவு செய்தோம். எங்களுள் மூத்தவள் மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகிறாள்; வாரத்தில் மூன்று நாள் இரவுப் பணி. இளையவள் பொறியியற் கல்லூரியில் இயந்திரவியல் பயில்கிறாள். எங்கள் அப்பா சேலத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் வாடகைக் கார் ஓட்டியவர். இம்மலரைப் படிக்கும் பெற்றோருள் சிலர் அவருடைய அம்பாசிடரில் ஏறியிருக்கவும் கூடும்.

சென்ற ஆண்டு அப்பாவின் முழங்கால் கிளட்சை மிதிக்க மறுத்துவிட்டது. இனி நெடுந்தூரம் ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். காரை விற்றுவிட்டு, மூத்தவளின் சேமிப்பையும் சேர்த்து, வீட்டுக்கென்று ஒரு கார் வாங்குவது என்று தீர்மானித்தோம். எந்தக் கார் என்பதில்தான் வீடு மூன்றாகப் பிரிந்தது. நல்லிரவில் பணி முடிந்து தனியே வரும் மூத்தவளுக்கு, மழையிலும் முரண்டு பிடிக்காத முன்சக்கரக் கார் வேண்டும். இளையவளுக்கோ ஜீப்பின்மேல் ஆசை. “பின்னாலிருந்து தள்ளுனாத்தான் கண்ணு அது காரு” என்பது அப்பாவின் கட்சி. அம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. “கதவு நல்லாச் சாத்துற வண்டியா வாங்குங்க” என்று மட்டும் சொன்னாள்.

வாய்ச்சண்டை போதும், மூன்றையும் ஓட்டியே பார்த்துவிடலாம் என்று அப்பாதான் சொன்னார். ஐப்பசி மாதத்தில் அடுத்தடுத்து மூன்று சனிக்கிழமைகள், மூன்று வண்டிகள், ஒரே பாதை: சேலத்திலிருந்து ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை அது. மேலே ஏறும்போது ஒருத்தி, இறங்கும்போது மற்றவள். இடப்பக்க இருக்கையில் அப்பா.

போவதற்கு முன், இயந்திரம் அறியாத தங்கையருக்காகச் சில சொற்கள். காருக்குச் சக்கரம் நான்கு என்றாலும் இஞ்சினின் வலிமை நான்குக்கும் போய்ச் சேருவதில்லை. பெரும்பாலான கார்களில் இரண்டு சக்கரங்கள் உழைக்கின்றன. மற்ற இரண்டும் உடன் உருண்டு வருகின்றன. உழைப்பவை முன்னிரண்டு எனின் கார் இழுக்கப்படுகிறது. பின்னிரண்டு எனின் தள்ளப்படுகிறது. நம் தெருவிலேயே இரண்டுக்கும் உவமை உண்டு. மாட்டு வண்டியை மாடு முன்னின்று இழுக்கிறது. மாடு போகும் வழியே வண்டியும் போகிறது. காய்கறிக்காரர் தம் தள்ளுவண்டியைப் பின்னின்று தள்ளுகிறார். அதன் முகத்தை அவர் ஓயாமல் நேர்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அவர் இடுப்பை ஒரு திருப்புத் திருப்பினால் போதும், அத்தனை நீள வண்டி சட்டென்று சுழன்று குறுகிய சந்துக்குள் நுழைந்துவிடும். மாட்டு வண்டியால் அது முடியாது. முன்சக்கரக் காருக்கும் பின்சக்கரக் காருக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி இவ்வளவே.

பின்சக்கரக் காரை உள்ளே உட்கார்ந்தே அடையாளம் காணலாம். இஞ்சின் முன்னால் இருக்க, உழைக்கும் சக்கரம் பின்னால் இருப்பதால், வலிமையைக் கொண்டுசெல்ல ஒரு நீண்ட இரும்புத் தண்டு காரின் அடியில் ஓட வேண்டும். அதற்கு இடம் விடுவதற்காகக் காரின் தளத்தில் நடுவே ஒரு மேடு எழுப்பியிருப்பார்கள். கல்யாணங்களுக்குப் போகும்போதெல்லாம் பின் இருக்கையில் நடுவே உட்கார்த்தப்பட்டு, காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் வளர்ந்த இளையவளுக்கு அந்த மேடு நன்றாகத் தெரியும். ஆம்னி வேன் இவ்விதிக்குச் சற்று விலக்கு. அதன் இஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியிலேயே இருக்கிறது. இழுப்பதென்னவோ இல்லை, பின்சக்கரம் தள்ளுவதுதான். கோடையில் அதன் முன் இருக்கையில் அமர்ந்தவர்கள் இஞ்சின் எங்கே இருக்கிறது என்று கேட்க மாட்டார்கள்!

ஒரு காலத்தில் நம் நாட்டுச் சாலைகளில் பின்சக்கரக் கார்களே ஆட்சி செய்தன. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரிலிருந்து பிறந்த அம்பாசிடர், இத்தாலிய பியட் 1100-இன் வழிவந்த பத்மினி, சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றும் தள்ளுகிற வகைதாம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர் கொண்ட 796 சி.சி. இஞ்சின், முன்சக்கர இயக்கம். அதன்பின் சில ஆண்டுகளிலேயே இழுக்கிற கார் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. விந்தை என்னவெனில், அம்பாசிடர், மாருதி 800 ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2014 என்ற ஒரே ஆண்டில் நின்றுபோயிற்று. எங்கள் வீட்டில் அதை அப்பா ஒரு மரணச் செய்திபோல வாசித்துக் காட்டினார்.

முதற் சனிக்கிழமை அம்பாசிடர். மூத்தவள் உயரம் குறைந்தவள். இருக்கையில் தலையணை ஒன்றைப் போட்டுக்கொண்டாள். இரவெல்லாம் மழை பெய்து சாலை ஈரமாக இருந்தது. மரத்து இலைகள் வளைவுகளில் ஒட்டிக் கிடந்தன. மலையேறும்போது அப்பா கற்றுத்தந்த முறை இது: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும். பிறகு ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். திருப்பும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தக் கூடாது; முன்பக்கம் வளைவுக்குள் நுழைந்து அமரும் வரையில் ஒரு நொடி காத்திருக்க வேண்டும். அதன் பின்னரே மெல்ல அழுத்த வேண்டும். அப்போது ஒன்று நிகழ்கிறது. காரின் எடை பின்னோக்கிச் சாய்கிறது. பின்சக்கரங்கள் சாலையை இறுகப் பற்றிக்கொண்டு, நம் முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல வளைவிலிருந்து காரை வெளியே அனுப்புகின்றன. மேட்டில் ஏறும்போது எடை இயல்பாகவே பின்னால் விழுவதால் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

“முன்சக்கரம் இழுத்தா கையில தெரியும் கண்ணு. பின்சக்கரம் தள்ளுனா முதுகுல தெரியும்” என்றார் அப்பா. இளையவள் கல்லூரியில் படித்த பாடப்புத்தகம் பல பக்கங்களில் சொன்னதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். பின்சக்கரக் காரில் முன்சக்கரங்களுக்கு வழிகாட்டுவது ஒன்றே வேலை. உழைப்பு பின்னால் நடக்கிறது. ஆகவே ஸ்டியரிங் பிடித்த கைக்குச் சாலையின் செய்தி கலப்பில்லாமல் வந்து சேருகிறது. இங்கே கல், இங்கே ஈரம், இங்கே தார் பெயர்ந்திருக்கிறது என்று விரல்கள் அறிகின்றன. அம்பாசிடரின் ஸ்டியரிங் கைக்கு நிறையவே வேலை தரும் என்பது உண்மை. ஆனால் பதினான்காம் வளைவைத் தாண்டியபோது மூத்தவளின் முகத்தைப் பார்த்தவர்கள் அதைக் குறையாகச் சொல்லமாட்டார்கள். மணிக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில்தான் போனோம். இன்பத்துக்கு வேகம் வேண்டும் என்பது ஓட்டத் தெரியாதவர்களின் எண்ணம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

இறங்கும்போது இளையவள். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்க வேண்டும் என்பது மலைச்சாலை ஓட்டுநர்களின் பழைய நெறி. பிரேக்கை மட்டுமே நம்பினால் அது சூடேறித் தளர்ந்துவிடும். ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது சட்டமும்கூட. ஓரிடத்தில் இலைகளின்மேல் பின்சக்கரங்கள் சற்றே விலகின. வால் வெளிப்புறம் போகும்போது, எந்தப் பக்கம் வால் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைச் சிறிது திருப்ப வேண்டும். பிரேக்கை ஓங்கி மிதிக்கவே கூடாது. இதை மழைபெய்த மைதானத்தில் அப்பா எங்களுக்கு நூறு முறை செய்ய வைத்திருக்கிறார். கை தானாகத் திரும்பியது, கார் நேரானது. அப்பா ஒன்றும் சொல்லாமல் சன்னல் வழியே பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்காதிருந்ததே எங்களுக்குப் பரிசு.

இரண்டாம் சனிக்கிழமை சித்தப்பாவின் பழைய மாருதி 800. 650 கிலோ அளவே எடை. அம்பாசிடரில் ஏறத்தாழப் பாதி. இழுக்கும் சக்கரங்களின் மேலேயே இஞ்சின் அமர்ந்திருப்பதால் ஈரச் சாலையில் அவற்றுக்குப் பிடிப்பு அதிகம். நீண்ட தண்டு இல்லை, தளத்தில் மேடு இல்லை, உள்ளே இடம் மிகுதி. முதல் ஐந்து வளைவுகளில் மூத்தவள் வெற்றிப் புன்னகையோடு எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். (“ரோட்டைப் பாரு கண்ணு” என்றார் அப்பா.) சற்று விரைந்து வளைவில் புகுந்தால் இந்தக் காரின் வால் போவதில்லை, மூக்குதான் வெளிப்புறம் போகப் பார்க்கும். அச்சம் வந்ததும் யாராயினும் இயல்பாகச் செய்வது என்ன? காலை எடுப்பது. இங்கே அதுவே மருந்து. காலை எடுத்ததும் எடை முன்னே வந்து, மூக்கு மறுபடியும் வளைவுக்குள் திரும்புகிறது. புதிதாகக் கற்பவர்களைக் காக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

ஆனால் மேட்டில் கொண்டை ஊசி வளைவில் முழுவதும் திருப்பியபடி அழுத்தினால், உட்புறத்து முன்சக்கரம் எடை குறைந்து வீணே சுழலும். ஸ்டியரிங் கையைப் பிடித்து ஆட்டும். காரணம் எளிது. வழி காட்டுவதும் வண்டியை இழுப்பதும் ஆகிய இரண்டு வேலைகளும் அதே இரண்டு சக்கரங்களின் தலையில் விழுகின்றன. ஒரு டயருக்கு உள்ள பிடிப்பு ஓரளவுதான். இடுப்பில் பிள்ளையும் தலையில் குடமும் சுமந்து வருகிறவளிடம் கதவையும் திறக்கச் சொன்னால் எப்படி? ஒன்று சிந்தத்தான் செய்யும்.

இதனால் முன்சக்கரக் கார் சுவையற்றது என்று நினைத்துவிட வேண்டாம். 1956-இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் இங்கிலாந்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. மிகக் குறைந்த பெட்ரோலில் ஓடும் சிறிய கார் ஒன்றை அமைக்கும் பணி அலெக் இசிகோனிஸ் என்ற பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் இஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, முன்சக்கரங்களை இழுக்கச் செய்து, பத்தடி நீளமே உள்ள காரில் நான்கு பேரை உட்கார வைத்துவிட்டார். 1959-இல் வெளிவந்த ‘மினி’ அதுவே. நெருக்கடிக்காகப் பிறந்த சிக்கனக் கார், தன்னைவிடப் பலமடங்கு வலிமையுள்ள கார்களை மலைச்சாலைகளில் தோற்கடித்தது! 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மாண்டி கார்லோ பந்தயத்தை அது வென்றது. அதற்கும் முன்பே, 1962-இல், ஹாலந்து நாட்டு ‘டியூலிப்’ பந்தயத்தில் மினி கூப்பருக்குப் பெரும் வெற்றியைத் தேடித்தந்தவர் ஒரு பெண். அவர் பெயர் பாட் மாஸ். இதே பாட் மாஸ் 1960-இல் லியேழ்-ரோம்-லியேழ் என்ற கடும் பந்தயத்தை, ஆன் விஸ்டம் என்ற தோழியை உடன் அமர்த்திக்கொண்டு, ஆஸ்டின் ஹீலி 3000 என்ற முரட்டுப் பின்சக்கரக் காரில் வென்றவர். பெண்களுக்கான தனிப் பரிசை அன்று, மொத்தப் பந்தயத்தையே! தள்ளும் காரையும் இழுக்கும் காரையும் இரண்டாண்டு இடைவெளியில் வெற்றிக்குக் கொண்டுசென்ற அந்த அம்மையாரிடம் எது இன்பம் என்று கேட்க எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை ஜீப். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் அப்பாவின் நண்பர், தோட்டத்து ஜீப்பை ஒரு பகல் எங்களிடம் ஒப்படைத்தார். தார்ச்சாலையில் அதுவும் பின்சக்கரத்தால்தான் ஓடுகிறது. தோட்டத்துச் சேற்றுப் பாதையில் நுழையும்போது, கியர்க் கோலுக்குப் பக்கத்தில் உள்ள இன்னொரு கோலைப் போட்டால் நான்கு சக்கரங்களும் உழைக்கத் தொடங்கும். மேலும் தாழ்ந்த கியர் ஒன்றும் உண்டு. அதில் போட்டால் ஜீப் நடந்துபோகும் மனிதனைவிட மெதுவாக ஊர்ந்து, காப்பிச் செடிகளுக்கும் மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கும் இடையே, பாறையும் சேறும் கலந்த ஏற்றத்தில் சலிக்காமல் ஏறும். இளையவள் கத்திய கத்தலில் தோட்டத்து நாய்கள் இரண்டு எங்களைத் தொடர்ந்து ஓடி வந்தன. சாலையே இல்லாத இடத்தில் ஒரு வண்டி ஏறுவதைக் கையால் உணர்வது ஒரு தனி இன்பம். அதை நாங்கள் மறுக்கவில்லை.

ஆயினும் தார்ச்சாலைக்கு வந்தபின் அந்தக் கோலை எடுத்துவிட வேண்டும் என்பதில் நண்பர் கண்டிப்பாக இருந்தார். வளைவில் முன்சக்கரங்கள் போகும் தொலைவு ஒன்று, பின்சக்கரங்கள் போகும் தொலைவு வேறு. சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை. முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருப்பதால் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொண்டு, ஸ்டியரிங் மரம்போல் ஆகிவிடும். இன்னொன்றையும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். நாற்சக்கர இயக்கம் புறப்படுவதற்குத்தான் உதவும், நிற்பதற்கு உதவாது. எல்லாக் கார்களுக்கும் பிரேக் நான்கு சக்கரங்களிலும் உண்டு. வழுக்கும் சாலையில் ஜீப் விரைந்து கிளம்பும். நிற்பதற்கு மற்றக் கார்களுக்கு வேண்டிய அதே தொலைவு, சில வேளை அதைவிடவும் கூட, அதற்கும் வேண்டும். நான்கு சக்கரம் இருக்கிறது என்ற தெம்பில் மழையில் பறக்கும் இளைஞர்களுக்கு இது புரிவதில்லை.

அன்று மாலை தோட்டத்து வீட்டுத் திண்ணையில் காப்பி குடித்துக்கொண்டே இளையவள் அப்பாவுக்கு ஒரு கதை சொன்னாள். அதை இங்கே விரிவாகவே எழுத விரும்புகிறோம்.

1977-இல் ஜெர்மனியின் அவுடி நிறுவனத்தார் தங்கள் முன்சக்கரக் கார்களைப் பின்லாந்தின் பனியில் ஓட்டிச் சோதித்தார்கள். உடன் வந்திருந்த இராணுவ ஜீப் ஒன்று, வலிமை குறைந்ததாயினும், அந்தக் கார்களைப் பனியில் எளிதாக முந்திச் சென்றது. ஜீப்பின் நான்கு சக்கர உழைப்பைக் காருக்கே கொடுத்தால் என்ன என்ற எண்ணம் அங்கே பிறந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே தொலைவு வேறுபாட்டைத் தீர்க்கும் பல்சக்கர அமைப்பு ஒன்றை வைத்து, காய்ந்த சாலையிலும் நான்கும் உழைக்கும் ‘குவாட்ரோ’ காரை 1980-இல் அவர்கள் வெளியிட்டார்கள்.

அந்தக் காரை ஓட்ட அழைக்கப்பட்டவர்களுள் ஒருவர் மிஷேல் மூட்டோன். பிரான்சு நாட்டில் கிராஸ் என்ற ஊருக்கருகே ரோஜாவும் மல்லிகையும் பயிரிடும் குடும்பத்துப் பெண். பதினான்கு வயதில் தந்தையின் சிட்ரோன் 2சிவி காரை ஓட்டத் தொடங்கினாராம். (நம் மாணவியர் இதைப் பின்பற்ற வேண்டாம், நம் நாட்டுச் சட்டம் பதினெட்டு என்கிறது.) அது முன்சக்கரக் கார். பிறகு அவர் பந்தயத்தில் இறங்கியபோது தந்தையே அவருக்கு ஆல்பைன் ஏ110 என்ற பின்சக்கரக் காரை வாங்கித் தந்தார். 1981-இல் குவாட்ரோவில், ஃபேப்ரிசியா போன்ஸ் என்ற இத்தாலியப் பெண்ணைத் துணை ஓட்டுநராகக் கொண்டு, சான்ரேமோ பந்தயத்தை வென்றார். உலகப் பந்தய வரிசையில் ஒரு பெண் பெற்ற முதல் வெற்றி அது.

அடுத்த ஆண்டு, 1982, எங்கள் வீட்டுச் சண்டையை உலகமே நடத்திய ஆண்டு எனலாம். ஒரு பக்கம் நாற்சக்கரக் குவாட்ரோவில் மூட்டோன். மறுபக்கம் ஓப்பல் அஸ்கோனா 400 என்ற பின்சக்கரக் காரில் வால்ட்டர் ரோர்ல். போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் மூன்றிலும் மூட்டோன் வென்றார். சாம்பியன் பட்டம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் பந்தயம் தொடங்கவிருந்த வேளையில், நோயுற்றிருந்த தந்தை இறந்த செய்தி வந்தது. மகள் ஓட்ட வேண்டும் என்பதே தந்தையின் விருப்பம் என்று வீட்டார் சொல்ல, அவர் புறப்பட்டார். பெரும்பகுதி முன்னணியில் ஓடினார். இறுதியில் கார் பழுதுபட்டு, பின் விபத்தும் நேர்ந்து விலக வேண்டியதாயிற்று. பந்தயத்தை ரோர்ல் வென்றார். அவ்வாண்டின் பட்டமும் அவருக்கே. தள்ளுகிற கார் நான்கு சக்கரத்தை வென்ற கடைசிக் காலங்களில் அதுவும் ஒன்று. இரண்டு ஆண்டு கழித்து ரோர்லே குவாட்ரோவில் ஏறி மாண்டி கார்லோவை வென்றார் என்பது வேறு கதை.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “பூந்தோட்டக்காரர் பொண்ணா?” என்று கேட்டார். ஆம் என்றோம். “அவருதான் வண்டி வாங்கிக் குடுத்தாரா?” என்று மறுபடியும் கேட்டார். அதற்கும் ஆம் என்றோம்.

அப்போதுதான் மூத்தவள் கேட்டாள், “அப்பா, இத்தனை வருஷம் ஓட்டினீங்களே, உங்களுக்குச் சந்தோஷமா இருந்துச்சா?” என்று. அவர் சிரித்துவிட்டார். “ஏறுறவங்க எல்லாரும், எவ்வளவு நேரத்துல போவ, எவ்வளவு கேப்பன்னுதான் கேப்பாங்க. இத யாரும் கேட்டதில்ல கண்ணு” என்றார். காப்பியைக் குடித்து முடித்தபின் சொன்னார். சவாரியை ஏற்காட்டில் இறக்கிவிட்டு, விடியற்காலையில் காலி வண்டியோடு தனியே இறங்குவாராம். பின் இருக்கையில் ஆளில்லை, அவசரமில்லை. ஒவ்வொரு வளைவையும் தமக்குப் பிடித்தபடி திருப்பிக்கொண்டு அடிவாரம் வரை வருவாராம். “அந்த ஒரு மணி நேரம் என்னோடது” என்றார். வாடகை கிடைக்காத அந்த ஒரு மணி நேரத்துக்காகத் திரும்பும் சவாரியைச் சில நாள் வேண்டுமென்றே மறுத்ததும் உண்டாம். அம்மாவுக்கு இது இன்றுவரை தெரியாது. இம்மலர் வீட்டுக்கு வந்தால் தெரிந்துவிடும்!

ஆகவே எங்கள் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். ஓட்டும் இன்பம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால், நாங்கள் இருவரும், சண்டையிட்ட இளையவளும் சேர்ந்தே, பின்சக்கரக் காருக்கு முதலிடம் தருகிறோம். காத்திருந்து அழுத்தும் அந்த ஒரு நொடியில் காரோடு நமக்கு ஓர் உடன்படிக்கை ஏற்படுகிறது. அதை மற்ற இரண்டிலும் நாங்கள் அவ்வளவு தெளிவாகக் காணவில்லை. ஜீப்பின் இன்பம் பெரிது. ஆனால் அது நம் கையின் திறத்தைவிட அதன் சக்கரங்களின் திறம் என்றே தோன்றியது. மேலும் சேலம் நகரத்தில் அதற்குத் தேவையான சேறு ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை. முன்சக்கரக் கார் நல்ல தோழி. மன்னிக்கத் தெரிந்தவள். சுவாரசியத்தில் மட்டும் ஒரு படி குறைவு.

பின்சக்கரத்தின் காலம் முடிந்தது என்றும் யாரும் சொல்லிவிட முடியாது. மின்சாரக் காரில் மோட்டாரைப் பின் அச்சிலேயே பொருத்திவிடலாம். நீண்ட தண்டும் வேண்டாம், நடுவில் மேடும் வேண்டாம். 2024-இல் மகிந்திரா நிறுவனம் வெளியிட்ட பி.இ. 6 கார் அவ்வாறு பின்சக்கரத்தால் ஓடுவதே. நடுவில் உட்காரும் தங்கைகளுக்கு விடிவுகாலம் வந்துவிட்டது. விலைதான் எங்கள் வீட்டுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

ஆனால் இரவு ஒரு மணிக்கு, மழையில், பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைத்த கால்களோடு தனியே வீடு திரும்புகிறவளுக்கு அந்த ஒரு நொடி உடன்படிக்கை எதற்கு? அவளுக்கு வேண்டியது, களைப்பில் கால் செய்வதையே சரியென்று ஏற்றுக்கொள்ளும் கார். அப்பாவே இதைச் சொன்னார். தம் கட்சியை விட்டு அவர் இறங்கி வந்தது எங்கள் நினைவில் அதுவே முதல் தடவை. அம்பாசிடரைத் திருமண ஊர்வலங்களுக்குக் கார் விடும் ஒருவர் வாங்கிக்கொண்டார். பழைய கார் ஒன்று, முன்சக்கர இயக்கம், கதவு நன்றாகச் சாத்துவது, வெள்ளை நிறம், வாங்கியிருக்கிறோம். பணி இல்லாத விடியற்காலைகளில் நாங்கள் இருவரும் மாறி மாறி ஏற்காட்டுக்கு ஏறி இறங்குகிறோம். அப்பா இடப்பக்கம் அமர்ந்து, வளைவு வரும்போதெல்லாம் வெறுந்தரையில் கிளட்சை மிதிக்கிறார்.

அம்மாவும் இப்போது ஓட்டக் கற்று வருகிறாள். மைதானத்தைச் சுற்றி இன்னும் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. “எது இழுக்குது, எது தள்ளுதுன்னு எனக்கெதுக்கு? நிறுத்துறது எப்படின்னு மொதல்ல சொல்லு” என்கிறாள்.